கவனக்குறைவு என்று எழுதிய காகிதம்

தாக் மால்-சுன் அக்காவின் பெயருக்குக் கடைசிப் பெண் என்று அர்த்தம். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு நிற்கட்டும் என்று அவள் அப்பா வைத்த பெயர். நிற்கவில்லை. அவளுக்குப் பின்னும் ஒரு தங்கை பிறந்தாள். "எங்கப்பன் நெனச்சது எதுவுமே நடந்ததில்ல. அதுக்கு மொத சாட்சி நான்தான்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லி, வாயில் சோற்றோடு சிரிப்பாள்.

நம்ஹே தீவில் பூண்டு வயலிலும் நெத்திலி காயப்போடும் களத்திலும் வளர்ந்தவள். பதினேழு வயதில் பூசான் துறைமுக நகரத்துக்கு வந்து ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். பத்து வருடம் பசை நாற்றம். ஷூ கம்பெனிகள் எல்லாம் வெளிநாட்டுக்கு மூட்டை கட்டியபோது, ஜாங்னிம் பகுதியில் இருக்கும் எங்கள் ஓமுக் ஆலைக்கு வந்தாள். மீனை அரைத்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டிப் பொரிப்பதுதான் ஓமுக். குளிர்காலத்தில் இந்த ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் அதன் ஆவி முகத்தில் அடிக்கும். அங்கே இருபத்தேழு வருடம். கடைசிப் பதினொரு வருடம் அரைவைப் பகுதிக்கு அவள் மேஸ்திரி. நான் யோன்-சில், அவளைவிட ஆறு வயது இளையவள். அந்தப் பதினொரு வருடமும் அவளுக்கு எதிரே நின்று வேலை செய்தேன்.

அரைவைச் சட்டி என்று நாங்கள் சொல்வது, ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரும் அளவுக்கு அகலமான எஃகுச் சட்டி. சட்டி மெதுவாகச் சுழலும். அதன் ஒரு பக்கத்தில் பிறை போல் வளைந்த ஆறு கத்திகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். உறைந்த மீன் கட்டிகளை உள்ளே போட்டால் சற்று நேரத்தில் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அக்கா மேஸ்திரியாகி ஐந்து வருடம் கழித்துப் பழைய சட்டியை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து வைத்தார்கள். புதியதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மூடியைத் தூக்கினால் கத்தி தானாக நின்றுவிடும்.

அந்த நல்ல ஏற்பாடுதான் எங்களுக்குத் தலைவலியாகப் போனது. அரைபடும் மீன் விளிம்பில் ஏறி ஒட்டிக்கொள்ளும். துடுப்பால் வழித்து உள்ளே தள்ளாவிட்டால் பாதி நைசாகவும் பாதி திப்பியாகவும் இருக்கும். ஒவ்வொரு சட்டிக்கும் மூன்று முறையாவது மூடியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கத்தி நின்று, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். பழையதில் நாளுக்கு முப்பத்திரண்டு சட்டி இறக்கினோம். புதியதில் இருபத்தாறுக்கு மேல் முடியவில்லை.

ஆலை மேலாளர் யோம் ஒரு நாள் வந்து நின்றார். எப்போதும் சலவை மடிப்புக் கலையாத சட்டை. குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"மேஸ்திரியம்மா, ஓட்டை மெஷின்ல முப்பத்திரண்டு எறக்கினீங்க. புது மெஷின் வாங்கிக் குடுத்தா இருபத்தாறா? முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?"

"மூடியத் தொறந்தா நின்னுபோகுது சார்."

"நிக்குது, சரி. இத்தன வருஷ அனுபவம் உங்களுக்கு. பாத்து ஏதாவது செய்யுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மறுநாள் அக்கா தன் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். மூடியின் ஓரத்தில் பட்டன் அளவுக்கு ஒரு கருவி இருக்கும். மூடி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதுதான். அதன்மேல் காந்தத்தை வைத்து, ஆலையில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் நீல நாடாவால் சுற்றினாள். மூடியைத் தூக்கினாள். கத்தி நிற்கவில்லை. எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அந்த வாரமே முப்பத்திரண்டு சட்டி இறங்கியது. யோம் வந்து மூடியருகே குனிந்து பார்த்தார். நீல நாடாவை விரலால் ஒருமுறை தடவினார். "மூளைன்னா இதுதான் மூளை" என்றார். அறுவடைப் பண்டிகைக்கு எல்லோருக்கும் ஒரு பெட்டி சூரை மீன் டின் கொடுத்தார்கள். அக்காவுக்கு மட்டும் இரண்டு பெட்டி.

லுவா எங்கள் பகுதிக்கு வந்தது அதற்குப் பிறகு. வியட்நாமிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். இருபத்தாறு வயது. பேச்சு அவ்வளவாக வராது. ஆனால் வேலையில் கெட்டி. அக்கா ஒரு முறை செய்து காட்டினால் அடுத்த முறை அவள் செய்வாள். துடுப்பை எப்படிப் பிடிப்பது, கத்திப் பக்கம் போகாமல் எப்படி வழிப்பது என்று எல்லாம் அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்.

வசந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், லுவாவின் கையுறை நுனியைக் கத்தி பிடித்தது. அவள் கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

யோம் வந்தார். முதலில் மூடியருகே போய் நீல நாடாவைப் பிய்த்து, காந்தத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் லுவாவைத் திரும்பிப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வேண்டாம், கம்பெனி வேனில் போகலாம் என்றார். வேன் சாவியைத் தேடப் பதினைந்து நிமிடம் ஆனது. அதுவரை அக்கா லுவாவின் கையைத் துணியால் இறுக்கிச் சுற்றி, தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது. பணியாளர் லுவா, சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு விதிகளை மீறி, தன் கவனக்குறைவால் காயமடைந்தார் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே சாட்சிகளின் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள்.

"இது சும்மா பைலுக்காக" என்றார் யோம். "அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கம்பெனியே பாத்துக்கும். பெரிசு பண்ணினா என்ன ஆகும்? மெஷினுக்கு சீல் வைப்பாங்க. உங்க பகுதியில ஒன்பது பேர். ஒன்பது பேரும் வீட்ல உக்காருவீங்க. அப்புறம் ஒண்ணு மேஸ்திரியம்மா, அந்தக் காந்தத்த வச்சது யாருன்னு அவங்க கேக்காம இருப்பாங்களா?"

அக்கா கையெழுத்துப் போட்டாள். எனக்கு முன்னால் நகர்த்தினாள். நானும் போட்டேன். லுவா திரும்ப வேலைக்கு வரவில்லை. நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. போகலாம் போகலாம் என்று பேசினோம். பேசுவதும் கொஞ்ச நாளில் நின்றுபோனது.

மூன்று வாரம் மூடியை மூடியே ஓட்டினோம். இருபத்தாறு. நான்காவது வாரம் திங்கட்கிழமை நான் உள்ளே வந்தபோது நீல நாடா பழைய இடத்திலேயே இருந்தது.

"அக்கா, மறுபடியுமா?"

"கத்தாத. இனிமே வழிக்கிற வேல எனக்கு மட்டும். வேற எவளும் சட்டிகிட்ட வரக் கூடாது. கட்டி போடுங்க, உப்பு போடுங்க, ஐஸ் போடுங்க. துடுப்ப மட்டும் தொட்டீங்கன்னா வெரல ஒடைச்சிருவேன்."

சொன்னபடியே செய்தாள். இரண்டு வருடம் வேறு யாரையும் துடுப்பைத் தொட விடவில்லை. காய்ச்சலோடும் வந்தாள். தங்கை மகன் கல்யாணத்துக்குக் காலையில் போய், சோறு பரிமாறுவதற்கு முன்னால் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். அது என்ன மாதிரியான பிராயச்சித்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. காந்தத்தை எடுத்துத் தூரப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. அதனால் தன் கையை நடுவில் வைத்தாள்.

அந்த இரண்டு வருடத்தின் கடைசியில், ஒரு ஜனவரி. சந்திரப் புதுவருடப் பண்டிகைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. பரிசுப் பெட்டிகளுக்கு ஆர்டர் குவிந்து, அட்டைப்பெட்டிகள் வைக்க இடமில்லாமல் எங்கள் பகுதித் தூண் வரை அடுக்கியிருந்தார்கள். காலை பத்து மணி கடந்திருந்தது. ஒன்பதாவது சட்டி. அக்கா வழித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். உங்க முப்பாட்டனுக்குப் படையல் போடணும்னா நீங்களே உக்காந்து பொரிங்க. நான் ஆலையில பொரிக்கிறதே ஏழு தலமொறைக்குக் காணும்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? செவுத்தப் பாத்து..."

சத்தம் மாறியது. அந்த இயந்திரத்தோடு ஆறு வருடம் இருந்த எனக்கு அது போதும். துடுப்பு கத்தியில் மாட்டி, அவள் பிடியை விடுவதற்குள் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தூணில் இருந்தது. தூணை மறைத்து மார்பு உயரத்துக்குப் பரிசுப் பெட்டிகள். நான் அவற்றின் மேலேயே விழுந்து, தள்ளி, பொத்தானை அடித்தேன். எத்தனை நொடி ஆனது என்று பிறகு பலரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது.

கத்தி நின்றதும் அவள் சட்டியின் விளிம்பில் முகத்தைச் சாய்த்திருந்தாள்.

"யோன்-சில், நான் பாக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. கை இருக்கா?"

பார்த்தேன். "இருக்குக்கா" என்றேன்.

மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் உள்ளங்கையும் கட்டைவிரலின் அடியும்தான் இருந்தன.

யோம் ஓடி வந்தார். முதல் வார்த்தையே, "யாரும் போன் பண்ணாதீங்க, வேன் வருது" என்பதுதான். எங்கள் போன்கள் எல்லாம் உடை மாற்றும் அறையில், பூட்டிய பெட்டிகளில் இருந்தன. நான் ரப்பர் பூட்ஸோடு ஓடினேன். அவசர எண்ணை அழைத்து ஆலையின் பெயரைச் சொன்னேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேன் சாவியைத் தேடிய அந்தப் பதினைந்து நிமிடம் என் கண் முன்னால் நின்றது, அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் வந்தவர், துண்டான பாகங்கள் எங்கே என்று கேட்டார். நான் முழங்கை வரை அரைத்த மீனுக்குள் கையை விட்டுத் தேடினேன். பனிக்கட்டி மாதிரிச் சில்லிட்டிருந்தது. கத்தியின் அருகே தேடும்போது, பொத்தானை அழுத்தியிருக்கிறோமா என்று இரண்டு முறை தூணைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று கிடைத்தன. ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அதில் எதையும் ஒட்ட முடியாது, மிச்சத்தையும் மணிக்கட்டோடு எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் மதியமே சொல்லிவிட்டார்கள். அந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பொரிக்கும் வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய் வாசனை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்துபோன ஆலைக்கு அரசாங்க ஆள் வராமல் இருக்க முடியாது. மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்குள் சட்டியைக் கழுவி, மூடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். காந்தமும் இல்லை, நாடாவும் இல்லை. மூடியைத் தூக்கிக் காட்டினார் யோம். கத்தி நின்றது. ஆய்வாளர் எழுதிக்கொண்டார். நாங்கள் வரிசையாக நின்று தரையைப் பார்த்தோம்.

அன்று மாலை யோம் என்னை மட்டும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு காகிதம். பணியாளர் தாக் மால்-சுன், சொல்லிக்கொடுத்த பாதுகாப்பு விதிகளை மீறி, தன் கவனக்குறைவால். பெயரும் தேதியும் மட்டும்தான் மாறியிருந்தன.

"வீட்ல போய் படிச்சுட்டு வர்றேன் சார்."

"படிக்க என்னம்மா இருக்கு? ஏற்கெனவே ஒரு தடவ போட்டதுதானே?"

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் கணவர் சோக்-பே கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கப்பல் பட்டறையில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவர். ஜன்னலோரத்தில் ரிப்பன் கட்டிய பேரிக்காய்ப் பெட்டி. யோம் கொண்டுவந்து வைத்தது.

நான் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அக்கா இடது கையால் வாங்கிப் படித்தாள்.

"அதே எழுத்து. ஒரு புள்ளிகூட மாறல."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"என்னையக் கேக்கிறியா? அன்னைக்கு நான் போட்டப்ப உன்னையக் கேட்டேனா? போடணும்னா போடு. உன் பொண்ணு காலேஜ் படிக்கிறா. நான் கோவிச்சுக்க மாட்டேன்." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா காந்தத்த வச்சவ நான். அத நான் போய்ச் சொல்லத்தான் போறேன்."

சோக்-பே கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "சொன்னா உன்னையும் சேத்துதான்டி புடிப்பாங்க."

"புடிக்கட்டும். வெலங்கு மாட்ட ஒரு கைதான் இருக்கு. இன்னொண்ண எதுல மாட்டுவாங்க?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சோக்-பே எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

அவர் வருவதற்கு முன்னால் அக்கா கேட்டாள், "லுவா எங்க இருக்கான்னு தெரியுமா?"

நான் கையெழுத்துப் போடவில்லை. என்னைக் குளிர்பதனக் கிடங்குக்கு மாற்றினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி உறைகுளிரில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே வேலை செய்த வியட்நாம் பெண் ஒருத்தி மூலமாக லுவாவின் இடம் தெரிந்தது. சாசாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வியட்நாம் நூடுல்ஸ் கடையில் இருந்தாள். மார்ச் மாதம் அக்காவுக்குக் கட்டுப் பிரித்த பிறகு நாங்கள் இருவரும் போனோம். மதியக் கூட்டம் கலைந்திருந்தது.

லுவா எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முதலில் எங்கள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் வலது சட்டைக் கையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். அக்கா இடது கையால் குச்சிகளைப் பிடிக்க முயன்றாள். நூடுல்ஸ் வழுக்கி விழுந்தது. மறுபடி முயன்றாள். லுவா உள்ளே போய் ஒரு முள்கரண்டி எடுத்துவந்து மேஜையில் வைத்தாள்.

"லுவா, அன்னைக்கு அந்தக் காகிதத்துல நான் போட்ட கையெழுத்து பொய்."

"தெரியும்."

"உனக்குக் கவனம் இல்லாம நடக்கல அது."

"தெரியும்னு இப்ப சொல்றேன்." அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு இப்போது அவளுக்கு நன்றாக வந்தது. "அப்பத் தெரியல. கவனக்குறைவுங்கற வார்த்தையே அந்தக் காகிதத்துலதான் கத்துக்கிட்டேன். என் புருஷன் அத பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருந்தார். சோறு கொழஞ்சா அதக் காட்டுவார். பிள்ளைக்குச் சளி புடிச்சா அதக் காட்டுவார். நானும் நம்பிட்டேன் அக்கா. ரோட்டத் தாண்டும்போது என் பிள்ள கையப் புடிக்க எனக்குப் பயம். எனக்குத்தான் கவனம் கெடையாதே."

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சிருன்னு கேக்க வரல" என்றாள் கடைசியில்.

"கேட்டாலும் எங்கிட்ட இல்ல."

"நான் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். உன் விஷயத்தையும் சேத்து."

"சொன்னா வெரல் மொளைக்குமா?"

"மொளைக்காது. அந்தக் காகிதம் பொய்ன்னு சொல்ற இன்னொரு காகிதம் வரும். அரசாங்க முத்திரையோட."

லுவா மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அது எனக்கு வேணும்" என்றாள்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் அதே ஆய்வாளர்தான் இருந்தார். அக்காவுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி.

"கம்பெனி, அப்படி ஒரு காந்தமே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கு" என்றார் ஆய்வாளர்.

"இருந்துச்சு. நான்தான் வச்சேன்" என்றாள் அக்கா.

"யார் சொல்லி?"

"வைன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல. முப்பத்திரண்டு எறக்குன்னு சொன்னாங்க. வச்சதுக்கப்புறம் மேலாளர் வந்து தடவிப் பாத்துட்டு, நல்ல மூளைன்னு சொன்னார்."

"லுவாவுக்கு அடிபட்ட அன்னைக்கும் அது இருந்ததா?"

"இருந்துச்சு. அவர் எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்."

"அதுக்கப்புறம் மறுபடி வச்சது?"

"நான்தான். மூணு வாரம் கழிச்சு."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, நீங்க சொல்றது உங்களுக்கே எதிராப் போகும். புரியுதா?"

"புரிஞ்சுதான் வந்திருக்கேன். நீங்க எழுதுங்க."

நான் பேச வேண்டிய முறை வந்தது. ஆறு வருடமாக எத்தனையோ முறை நாடாவைப் பிய்த்துப் பிய்த்துப் புதிதாகச் சுற்றியிருக்கிறோம், அந்தக் கருவிக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் பசை இறங்கிக் கெட்டியாகியிருக்கும், துணியால் துடைத்தால் அங்கே போகாது என்று சொன்னேன். ஆய்வாளர் அடுத்த நாளே சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குப் போனார். திருகுகளைக் கழற்றச் சொன்னார். இடுக்கிலிருந்து நீல நிறத்தில் கோந்து மாதிரி ஒன்றைச் சுரண்டி எடுத்துச் சின்னப் பையில் போட்டுக்கொண்டார். யோமின் முகம் எப்படி இருந்தது என்று கிடங்குக்கு வந்து எனக்குச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

வழக்கு முடிய ஒன்றேகால் வருடம் ஆனது. யோமுக்குச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். அவர் ஒருநாளும் உள்ளே போகவில்லை. கம்பெனிக்கு அபராதம். லுவாவின் காயம் வேலையிடத்து விபத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதைச் சொல்லும் முத்திரையிட்ட காகிதம் அவள் பெயருக்கு வந்தது.

அக்காவையும் விடவில்லை. லுவாவின் காயத்துக்கு, பகுதி மேஸ்திரி என்ற முறையில் அவளும் பொறுப்பு என்று தீர்ப்பில் இருந்தது. அவளுக்கும் ஒரு அபராதம். உண்மையைச் சொன்னதைக் கருதிக் குறைத்திருக்கிறோம் என்று நீதிபதி படித்தார். அக்கா எழுந்து நின்று குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். தன் கையைப் பற்றிய பகுதியைப் படித்தபோது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லுவா அன்று வந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அக்கா அவளை நோக்கி வர, லுவா எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிறகும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பிள்ளையோடு தனியாக வீடு எடுத்துக்கொண்டாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

ஆலையில் என்னோடு பேசுவதைப் பலரும் நிறுத்தியிருந்தார்கள். விசாரணையில் நாற்பது நாள் அரைவைப் பகுதி மூடிக் கிடந்ததற்கு நான்தான் காரணம் என்றார்கள். ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டாள். "போன கை போச்சு. எங்க சோத்துல எதுக்கு மண்ணப் போட்ட?" அந்தக் கோடையில் வேலையை விட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சூப் காய்ச்சுகிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவேன். போன முறை போனபோது, வெயில் விழும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, சோக்-பே அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கை இல்லாதவளுக்கு இடது கை நகத்தை வெட்டிக்கொள்ள வழியில்லை. இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவர் மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கி, கப்பல் துருவைச் சுரண்டுவதுபோல அவ்வளவு கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சதையோட வெட்டாதீங்க."

"ஆடாம இரு."

"நானா ஆடுறேன்? உங்க கைதான் ஆடுது. இருக்கிற அஞ்சையாவது விட்டு வைங்க."

அவர் அடுத்த விரலைப் பிடித்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"யோன்-சில், மழ வர்ற மாதிரி இருந்தா எனக்குச் சுண்டு வெரல் அரிக்குது. இல்லாத கையில. எங்க சொறியிறதுன்னு தெரியல. டாக்டர்கிட்ட கேட்டா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்ன்றார். ரெண்டு வருஷமா இதத்தான் சொல்றார்."

வெளியே பூண்டு லாரிக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். அவள் கழுத்தை நீட்டி என்ன விலை சொல்கிறான் என்று கேட்டாள். "கொள்ளக்காரன்" என்றாள். சோறு ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சோக்-பே கடைசி நகத்தை வெட்டி முடித்து, செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.